பத்தொன்பது விரல் பலகை

குன்னத்துகால் சுயம்பு ஆசாரிக்கு அரசியல் தெரியாது. நிலை தெரியும், கதவு தெரியும், கட்டில் தெரியும். தமிழ் பேசுகிற தாலுக்காக்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. டீக்கடையில் யாராவது அவரைச் சீண்டி, "ஆசாரியே, நீரு எந்தப் பக்கம்?" என்று கேட்டால், "நான் மரத்துக்க பக்கம்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடிப்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதையும் கறக்க முடியாது.

ஆனால் அரசியலுக்கு அவரைத் தெரிந்திருந்தது. அவர் வீட்டிலிருந்து ஒரு ஆளை அது எடுத்துக்கொண்டது.

ஆள் வேறு யாருமில்லை, தம்பி மோகனன். சுயம்புவுக்கும் மனைவி சரோஜத்துக்கும் பிள்ளை இல்லை. தாய் தகப்பன் போனபோது மோகனனுக்கு எட்டு வயது. அன்றிலிருந்து சரோஜம் அவனுக்கு மதினியாகவும் அம்மாவாகவும் இருந்தாள். இப்போது அவனுக்கு இருபத்தாறு. அண்ணனைவிட நல்ல கைவேலைக்காரன். பூவேலை செய்த ஜன்னலைப் பார்த்தால் இது சுயம்பு செய்ததா மோகனன் செய்ததா என்று பாறசாலை வரைக்கும் சொல்லிவிடுவார்கள். ஆடி ஆவணியில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்த நாட்களில் அவன் ஒரு ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போனது உண்மைதான். பிறகு வேலையுண்டு தானுண்டு என்று இருந்தான்.

கொல்லம் 1130, அதாவது 1955, மகர மாதம், ஒரு சனிக்கிழமை. யாரோ இரண்டு அயனி மரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். அந்த வழியாக மோகனன் வேலை முடிந்து தோளில் ரம்பத்தோடு வந்தான். அங்கே நின்ற போலீஸ்காரர்களுக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? ரம்பம் வைத்திருப்பவன் மரத்தை வெட்டினவன். இந்தக் கணக்குப்படி, குடை வைத்திருப்பவன்தான் மழையைக் கொண்டுவந்தவன். அன்று ராத்திரியே அவன் ஸ்டேஷன் லாக்கப்புக்குள் போய்விட்டான்.

ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டுபோகிறவள் சத்தியபாய். சந்தை மூலையில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தாள். மறுநாள் மத்தியானம் காலிப் பாத்திரத்தோடு நேராகச் சுயம்புவின் வீட்டுக்கு வந்தாள்.

"ஆசாரியே, போலீசு அடிச்ச அடியில மோகனனுக்க வலத்தே கை வீங்கிக் கிடக்கு. சோத்த இடத்தே கையால திங்கியான். வைத்தியனக் காட்டணும், இல்லெங்கி கை போயிரும். அடுத்த சனியாழ்ச்ச உச்சைக்கு லாரி வருதாம். எல்லாரயும் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போறாவ. பின்னே ஆரு சொன்னாலும் நடக்காது."

சரோஜம் அடுக்களை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். தச்சனுக்கு வலது கை என்றால் என்ன என்று சுயம்புவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சனிக்கிழமை உச்சிக்குள் அவனை வெளியே எடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் மனதில் நின்றது, வேறு எதுவும் நிற்கவில்லை.

எடுக்க வல்லவர் ஒருவர் இருந்தார். வெள்ளறடைக்கு மேலே ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. இன்ஸ்பெக்டரும் அவரும் ஒரே மேசையில் சீட்டாடுகிறவர்கள். போன மாதம் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேரை ஒரே சொல்லில் வெளியே கொண்டுவந்திருந்தார். அவருடைய பங்களா ஜன்னல்கள் சுயம்பு செய்தவை. திங்கட்கிழமை காலை சுயம்பு முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் வாசலில் நின்றார்.

துரை மோசமானவர் இல்லை. முழுக்கக் கேட்டார், நாக்கைத் தட்டி வருத்தப்பட்டார். பிறகு உள்ளே போய் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். இலங்கையில் இருந்தபோது அதன்மேல் கவிழ்ந்து படுத்து அலையோடு கரைக்கு வருவாராம். இப்போது அது நடுவில் வெடித்திருந்தது. பூவாறு கடற்கரையில் அவருக்கு ஒரு சின்ன பங்களா உண்டு. சனிக்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். அலைமேல் சவாரி செய்து காட்டுகிறேன் என்று அவர்களிடம் வாய்விட்டுவிட்டார்.

"புதுசா ஒண்ணு செய்யணும், ஆசாரி. நீளம் இதே நீளம். என் தோள் வரைக்கும். ஒரு இஞ்ச் குறையக் கூடாது. மத்தது நீ பாத்துக்கோ. இந்த மாசம் பூவாறு கடல் தூங்குது. தூங்குற கடல்ல பலகை ஓடணும்."

"ஓடினா, தொரையே?"

"காலைல ஓடினா அந்த ஈரத்தோட கார்ல ஏறி இன்ஸ்பெக்டர்கிட்ட போறேன். ஓடலைன்னா எனக்கு மூடு இருக்காது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒருவனுடைய கை இன்னொருவனுடைய மூடில் தொங்கிக்கொண்டிருந்தது. இதில் அநியாயம் எதுவும் இருப்பதாகத் துரைக்குத் தோன்றவில்லை. அதைவிடக் கொடுமை, சுயம்புவுக்கும் தோன்றவில்லை. கும்பிட்டுவிட்டு வெடித்த பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

பலகை ஐம்பத்துமூன்று விரல் நீளம், பதினான்கு விரல் அகலம். ஆசாரிமாரின் விரல் என்பது ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் கூட. மூக்கு கூராக மேலே வளைந்திருந்தது, அடிப்புறம் வயிறு போல உருண்டிருந்தது. நாற்பத்திரண்டு வயதுவரை சுயம்பு கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தவர் இல்லை. ஆகவே செவ்வாய்க்கிழமை அந்தப் பலகையோடு பூவாறு பொழிமுகத்துக்குப் போனார். நெய்யாறு கடலில் விழுகிற இடம் அது. அங்கே ஈசாக் இருந்தார். கட்டுமரக்காரர், சுயம்புவிடம் துடுப்புக்குப் பிடி போட்டு வாங்குகிறவர்.

விஷயத்தைக் கேட்டதும் ஈசாக் மறுபேச்சுப் பேசாமல் பலகையை வாங்கிக்கொண்டு கடலில் இறங்கினார். துரையின் கனம் வரட்டும் என்று நனைந்த வலை ஒன்றை முதுகில் சுருட்டிக் கட்டிக்கொண்டார். முழங்கால் உயரத்துக்கு ஒரு அலை வந்தது. பலகைக்கு அடியில் புகுந்து, ஈசாக்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, தன்பாட்டுக்குக் கரைக்குப் போனது. ஈசாக் போன இடத்திலேயே கிடந்தார். அடுத்த அலையும் அப்படித்தான், அதற்கு அடுத்ததும் அப்படித்தான்.

"ஆசாரியே, இது முரட்டுத் திரைக்க பலகையாக்கும்," என்று மூச்சு வாங்கக் கரையேறினார். "பெலமாட்டுத் தள்ளதுக்கு ஆளிருந்தா இதுபோல ஒடுங்கி இருந்தாப் போரும். மகரத்துத் திரைக்கு ஏது பெலம்? பெலமில்லாத்தவன் தள்ளணுமெங்கி கை வைக்க எடம் வேணும் ஓய். அகலம் கூட்டும்."

"எவ்வளவு?"

"எனக்கெப்படித் தெரியும்? கெட்டிப் பாப்போம்."

கட்டிப் பார்த்தார்கள். கட்டுமரத்துக்காரருக்குக் கட்டத் தெரியாதா? பழைய மரத்துண்டுகளைப் பலகையின் இரண்டு ஓரத்திலும் தும்புக் கயிற்றால் இறுக்கி, பதினாறு விரல் ஆக்கினார்கள். அலை பிடித்தது, பாதி வழியில் விட்டுவிட்டது. பதினெட்டு ஆக்கினார்கள். கரைக்கு இருபது முழம் இருக்கும்போது நின்றது. பத்தொன்பது ஆக்கினார்கள். ஈசாக்கின் முகம் மணலில் உரசியது. இன்னொரு முறை போனார், மறுபடி மணல். மூன்றாவது முறை வாயில் மணலைத் துப்பிக்கொண்டே சிரித்தார். சுயம்புவும் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மற்றவற்றையும் அன்றே தண்ணீரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். வளைந்த மூக்கு முன்னால் தண்ணீரைத் தள்ளி இருக்கிற கொஞ்ச வேகத்தையும் தின்றுவிடுகிறது, ஆகவே மூக்கு ஒரே ஒரு விரல் தூக்கினால் போதும். கூர் வேண்டாம், முன்புறம் முறத்தின் வாய் போல அகன்று உருண்டிருக்கட்டும். வால் குறுகக் கூடாது, அலை அங்கேதான் பிடிக்கிறது, நேராக வெட்டிவிட வேண்டும். அடிப்புறம் தட்டை. நெஞ்சு படுகிற இடத்தில் கனம், ஓரத்தில் மெலிவு. கடலுக்கே போகாத ஆசாரி ஒரு பகலில் இவ்வளவையும் கண்ணால் கண்டு மனதில் எழுதிக்கொண்டார். பயம் மனிதனை இப்படியும் புத்திசாலி ஆக்கும். எப்படி முட்டாள் ஆக்கும் என்பதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

மரத்துக்கு அலைய வேண்டியிருந்தது. கனமில்லாத மரம் வேண்டும், ஒரே பலகையாகப் பத்தொன்பது விரல் வேண்டும். திருப்புறத்தில் ஒரு வீட்டுக் கொட்டிலில் ஏழிலைப்பாலைப் பலகை ஒன்று இரண்டு வருடமாக உலர்ந்துகொண்டிருந்தது. பாலையில் யட்சி குடியிருப்பாள் என்று யாரும் வாங்கவில்லை. அளந்து பார்த்தார், பத்தொன்பதுக்கு மேல் ஒரு நூல் இருந்தது. வேறு பலகை கிடையாது, இது ஒன்றுதான்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வாச்சியும் இழைப்புளியும் ஓயவில்லை. தம்பியின் இழைப்புளியை எடுத்துத்தான் இழைத்தார், அது இன்னும் கூராக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பலகை முடிந்துவிட்டது. புன்னை எண்ணெய் தேய்க்க வேண்டியதுதான் பாக்கி. சரோஜம் தடவிப் பார்த்து, "நல்லா இருக்கு, இஞ்ச பாருங்கோ, குளிக்க வெச்ச பிள்ளையப்போல இருக்கு," என்றாள். அந்த நேரத்தில்தான் சத்தியபாய் வந்தாள்.

"கை கறுத்துத் தொடங்கிச்சு ஆசாரியே. காய்ச்சலும் உண்டு. லிஸ்டில அவன் பேரு ரெண்டாமத்தது. நாளைக்கு உச்சை, மறந்திராதீங்க."

மறந்துவிடுவாராம்! அவள் போன பிறகு சரோஜம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். சுயம்பு எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தார், மறுபடி கீழே வைத்தார். அவருடைய உதடு தானாக அசைய ஆரம்பித்தது. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆசாரிமார்களுக்கு ஒரு கணக்கு உண்டு, யோனிக் கணக்கு என்பார்கள். வீடோ கட்டிலோ பெட்டியோ, செய்த பொருளின் நாலுபக்கச் சுற்றளவை விரலில் எடுத்து, மூன்றால் பெருக்கி, எட்டால் வகுக்க வேண்டும். மீதி என்ன நிற்கிறதோ அதுதான் அந்தப் பொருளின் தலையெழுத்து. ஒன்று நின்றால் கொடி, ஜெயம். மூன்று, ஐந்து, ஏழு நின்றாலும் நல்லது. ஒன்றுமே நிற்காவிட்டால் காகம். காகம் என்றால் சாவு. இந்தக் கணக்குப் பார்க்காமல் சுயம்பு ஒரு கோழிக்கூடுகூடச் செய்தது கிடையாது. இந்தப் பலகைக்குத்தான் பார்க்கவில்லை. தண்ணீரில் விளையாடுகிற சாமானுக்கு என்ன கணக்கு என்று விட்டிருந்தார்.

ஐம்பத்துமூன்றும் பத்தொன்பதும் எழுபத்திரண்டு. சுற்றளவு நூற்றிநாற்பத்துநாலு. மூன்றால் பெருக்கினால் நானூற்றிமுப்பத்திரண்டு. எட்டால் வகுத்தால் மீதி ஒன்றுமில்லை.

மூன்று முறை போட்டார், மூன்று முறையும் காகம்.

கட்டிலுக்குக் காகம் வந்தால் படுக்கிறவன் சாவான். இந்தப் பலகையில் படுக்கப்போவது துரை. ஆனால் இதன்மேல் ஏறி வரப்போவது யாருடைய உயிர்? நாளைக் காலையில் தம்பியின் பெயரைச் சொல்லித் தண்ணீரில் விடுகிற பலகை, சாவு எண்ணோடு போகலாமா? நல்ல மனநிலையில் இருந்திருந்தால் ஈசாக்கின் மூக்கில் ஒட்டியிருந்த மணல் ஞாபகம் வந்திருக்கும். அன்று அவருக்கு ஞாபகம் வந்ததெல்லாம் கறுத்த கை.

நீளத்தில் கைவைக்க முடியாது, அது துரையின் உத்தரவு. அகலத்தில்தான் குறைக்க வேண்டும். அரை விரல் குறைத்தாலே நல்ல எண் ஒன்று கிடைத்தது, ஆனால் அது மேற்குத் திசைக்கு உரியது. பலகை மேற்கே கடலிலிருந்து கிழக்கே கரைக்கு வர வேண்டியதல்லவா? கிழக்குக்கு உரியது கொடி. கொடி வேண்டுமென்றால் இரண்டரை விரல் எடுக்க வேண்டும். பதினாறரை நிற்கும்.

'பதினாறில் பாதி வழி வந்தது,' என்று மனதின் ஒரு மூலை சொன்னது. 'பதினாறு இல்லையே, பதினாறரை,' என்று இன்னொரு மூலை பதில் சொன்னது. பயந்தவனுக்கு அந்த அரை போதும்.

விளக்கு வைக்கும் முன்பே முடித்துவிட்டார். இரண்டு ஓரத்திலும் ஒன்றேகால் விரல் அறுத்து எடுத்து, மறுபடி இழைத்து, எண்ணெய் தேய்த்தார். அறுத்த சட்டங்களை அடுப்புக்குக் கொடுக்கலாம் என்றால், பாலை மரத்தை அடுக்களையில் ஏற்ற மாட்டேன் என்று சரோஜம் சொல்லிவிட்டாள். வண்டியில் போகும்போது ஓரம் அடிபடாமல் இருக்க அவற்றையே பலகைக்கு இருபுறமும் வைத்துக் கட்டினார். அன்று படுத்ததும் தூங்கிவிட்டார். அந்த வாரத்தில் அதுதான் முதல் தூக்கம்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பூவாறு மணலில் துரை கால்சட்டையோடு நின்றார். விருந்தாளிகள் ஏழெட்டுப் பேர் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். பங்களா வாசலில் கார் நின்றது. "பாரு ஆசாரி, டிரைவரை ரெடியா இருக்கச் சொல்லிட்டேன்," என்றார் துரை. சொன்ன சொல் தவறாதவர்.

கடலுக்குள் போனார், படுத்தார். அலை வந்தது. பலகையின் வாலைத் தூக்கியது. ஒரு பத்து முழம் வந்திருக்கும். பிறகு பலகையின் முன்புறம் மெல்லத் தாழ்ந்தது, அலை அடியில் கழன்று போனது. துரை தண்ணீரில் கிடந்தார். மறுபடி படுத்தார். மறுபடி அதேதான். ஏழு முறை சுயம்பு எண்ணினார். ஏழாவது முறை விருந்தாளிப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், மற்றவர்கள் பொத்திக்கொள்ளவில்லை.

துரை கரையேறிப் பலகையை மணலில் போட்டார். காது சிவந்திருந்தது.

"உன் பலகையும் தூங்குது, ஆசாரி."

"தொரையே, ஒரு மணிக்கூர் தாருங்கோ. செரியாக்கித் தாறேன்."

"சாப்பிடணும். இவங்களோட சீட்டு இருக்கு. நாலு மணிக்கு வர்றேன்."

"உச்சைக்கு லாரி போவும் தொரையே! எனக்க தம்பிக்க கை..." சுயம்பு மணலில் விழுந்து அவர் காலைப் பிடித்தார். ஈரக் கால் நழுவியது. "இப்பம் ஒருக்கப் போயி ஒரு வாக்கு சொல்லுங்கோ. பலக நான் எத்தன வேணுமெங்கிலும் செய்து தாறேன்."

"பலகை ஓடட்டும். பேசினது அதுதானே?" என்று துரை மரியாதையாகவே காலை விடுவித்துக்கொண்டு போனார்.

ஈசாக் பக்கத்தில் வந்து குந்தினார். பலகையை ஒரு சாணால் அளந்தார், மறுபடி அளந்தார்.

"கொறச்சீரா?"

சுயம்பு தலையை ஆட்டினார்.

"ஆரு சொல்லி?"

"கணக்கு. காக்காயா வந்துச்சு."

ஈசாக்குக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. "உமக்க கணக்கு கடலுக்குத் தெரியுமா ஓய்? திர நாலும் மூணும் கூட்டியா வருது? எனக்க மூக்கு மணல்ல இடிச்சத நீரு பாத்தீரா இல்லியா?" என்று கத்தினார். பிறகு அந்த மனிதனின் முகத்தைப் பார்த்தார், கோபம் வந்த வழியே போய்விட்டது. "அறுத்த சட்டம் எங்க? வண்டியில கெடக்கா? எடும். துரப்பணம் உண்டா? செரி, கெட்டுவோம்."

சுயம்பு ஓரத்தில் துளை போட்டார், ஈசாக் தும்புக் கயிற்றைக் கோத்து இறுக்கினார். நனைந்த கயிறு வெயிலில் முறுகிச் சட்டத்தைப் பலகையோடு கடித்துக்கொண்டது. பத்தொன்பது விரல். மறுபடி காகம். ஈசாக் ஒரு அலையில் ஏறிப் பார்த்தார். நேராக வந்து மணலில் இடித்தார். அப்போது மணி பத்துகூட ஆகவில்லை.

சுயம்பு பலகையைத் தூக்கிக்கொண்டு பங்களாவுக்கு ஓடினார். வேலைக்காரன் கேட்டைத் திறக்கவில்லை. துரை சீட்டில் உட்கார்ந்துவிட்டார், நாலு மணி என்று சொல்லியிருக்கிறார், முன்னால் கூப்பிட்டால் தன் வேலை போய்விடும் என்றான். "ஓடுதுண்ணு மட்டும் சொல்லு மக்கா, ஒரு வார்த்த," என்று சுயம்பு கெஞ்சினார். அவன் உள்ளே போனான், திரும்பி வந்தான். "கேட்டாரு. நல்லதுன்னாரு. நாலு மணிக்குன்னாரு."

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஸ்டேஷனுக்குத் தானே ஓடலாமா என்று நினைத்தார். ஓடி என்ன சொல்வது? பலகை ஓடுகிறது என்றா? கேட்டுக்கு வெளியே பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நிழல் மேற்கே கிடந்தது. பிறகு குறுகியது. குறுகிக் குறுகிக் காலடிக்குள் வந்தது. அதை மிதித்துக்கொண்டு நின்றால் நகராது என்பதுபோல் இரண்டு காலையும் அழுத்திக்கொண்டு நின்றார். அது கிழக்குப் பக்கம் எட்டிப் பார்த்தபோது வாய்விட்டு, "மக்கா, மக்கா," என்று அழுதார். பைத்தியம் என்று நினைத்து வேலைக்காரன் கேட்டிலிருந்து இரண்டடி பின்னால் போனான்.

நாலு மணிக்குத் துரை வந்தார். முதல் அலையிலேயே கரைவரை வந்தார். கூச்சல் போட்டார். பதினோரு முறை போனார், பதினோரு முறையும் மணலைத் தொட்டார். சிரித்த பெண் கை தட்டினாள். துரை ஓடிவந்து ஈர உடம்போடு சுயம்புவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இலங்கையிலும் இப்படி ஒரு பலகை கண்டதில்லை என்றார். சொன்னபடி அந்த ஈரத்தோடேயே காரில் ஏறினார். முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் சுயம்புவை உட்காரவைத்தார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று வரவேற்றார், டீ வரவழைத்தார். லாரி பன்னிரண்டேகாலுக்குப் போய்விட்டது. காலையில் வந்திருந்தால் ஒரு சொல் போதுமாக இருந்ததே, இனி மேலிடம், தன் கையில் இல்லை என்று மலையாளத்தில் சொன்னார். துரை உண்மையிலேயே வருந்தினார். லாக்கப்பின் மூலையில் சத்தியபாயின் பாத்திரம் ஒன்று கழுவாமல் கிடந்ததைச் சுயம்பு பார்த்தார். சோறு பாதி அப்படியே இருந்தது.

மோகனன் எட்டு மாதம் கழித்து வந்தான். உயிரோடு வந்தான், அதற்குச் சரோஜம் எல்லாத் தெய்வத்தையும் கும்பிட்டாள். ஆனால் வலது கை முழங்கைக்குக் கீழே காய்ந்த கொம்பாக இருந்தது. விரல்கள் மடங்கி உள்ளங்கையில் ஒட்டியிருந்தன. அங்கே போன பிறகு பதினைந்து நாள் யாரும் அதைப் பார்க்கவில்லையாம். முதல் வாரத்தில் வந்திருந்தால் கட்டுப்போட்டே சரியாக்கியிருக்கலாம் என்று நெய்யாற்றின்கரை டாக்டர் சொன்னார். சுயம்பு அன்று வீடு வரும்வரை தம்பியின் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த வருடம் நவம்பர் மாதம் எல்லை கிழித்தார்கள். நாலு தாலுக்கா தமிழ்நாட்டோடு போயின. குன்னத்துகால் போகவில்லை, கோடு சில மைல் தள்ளி விழுந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் வெடி வெடித்த சத்தம் இங்கே கேட்டது. மோகனன் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். "எனக்க கொடி அங்ஙன போயி நின்னுட்டு," என்று ஒரு தடவை சொன்னான், அவ்வளவுதான்.

பிறகு அவன் கணக்கு ஆளானான். அளவு சொல்வது, யோனி பார்ப்பது, இடது கையால் கோடு போடுவது அவன் வேலை. அறுப்பதும் இழைப்பதும் அண்ணன் வேலை. ஊர்க்காரர்கள் அதை நல்ல ஏற்பாடு என்றார்கள். தம்பியின் இழைப்புளியைச் சுயம்பு மறுபடி தொடவில்லை. அந்தச் சனிக்கிழமை பற்றி, 'துரைக்கு ஒரு பலகை செய்துகொண்டு போனேன், நேரமாகிவிட்டது' என்பதற்கு மேல் அவனிடம் எதையும் சொல்லவும் இல்லை.

ஐம்பத்தெட்டாம் வருடம் துரை தோட்டத்தை விற்றுவிட்டுச் சொந்த நாட்டுக்குக் கிளம்பினார். போகும்போது மறக்காமல் பலகையைக் கொடுத்தனுப்பினார். டிரைவர் இறக்கிவைத்துவிட்டுப் போனான். சரோஜம் அதை நெல்லுப் பெட்டிக்கு மூடியாக்கலாம் என்றாள். சுயம்பு சுவரில் சாய்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். திரும்பி வரும்போது மோகனன் முழக்கோலை இடது கையில் பிடித்து அதை அளந்துகொண்டிருந்தான்.

"இதாக்குமா அண்ணா அந்தப் பலக?"

"ஓம்."

"நீளம் அம்பத்திமூணு. அகலம் பத்தொம்பது." அவன் உதடு அசைந்தது. சட்டென்று நின்றது. "அண்ணா, இது காக்காயாக்குமே!"

மோகனன் கயிற்றுக் கட்டைத் தடவினான். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த கோட்டில் நகத்தை ஓட்டினான். நல்ல தச்சன் அல்லவா, மரம் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"கொறச்சிருக்க. பதினாறரை. கொடி." முகம் மலர்ந்தது அவனுக்கு. "எனக்க நல்லதுக்காக்கும் கொறச்ச, இல்லியா? பின்னே என்னத்துக்கு அண்ணா திரும்ப வெச்சுக் கெட்டின? அதுனாலயாக்கும் எனக்க கை போச்சு."

தப்பு எந்தப் பக்கம் என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஈசாக், அவர் பூவாறில் இருந்தார். இன்னொருவர் இங்கே ஈரத் துண்டோடு நின்றார். இப்போது சொல்லலாம். அந்த இரண்டரை விரலை நான் எடுக்காமல் இருந்திருந்தால் எட்டரை மணிக்குக் கார் கிளம்பியிருக்கும் என்று சொல்லலாம். சொன்னால், இன்று அவனுக்கு மிச்சமிருக்கிற ஒரே வேலை, அந்தக் கணக்கு, அதுவும் அவன் கையிலிருந்து போய்விடும்.

"புத்தி கெட்டுப் போச்சு மக்கா," என்றார் சுயம்பு. "ஈசாக்கு சொன்னான், நான் கெட்டிட்டேன்."

"செரி, போட்டு. விடு." மோகனன் காய்ந்த கையை அண்ணன் தோளில் வைத்தான். "நானா இருந்தா அந்த ரண்டு சட்டத்தயும் அறுத்த அன்னைக்கே ஆத்துல எறிஞ்சிருப்பேன். நீ பாவம், பயந்துட்ட."

தோளில் இருந்த அந்தக் கைக்கு எடையே இல்லை. சுயம்பு ஆசாரி குனிந்து, பலகையை எடுத்து, நெல்லுப் பெட்டிக்கு மூடி அளக்க ஆரம்பித்தார். அகலம் எவ்வளவு வைக்கட்டும் என்று தம்பியிடம் கேட்டார்.